அணைந்திருந்தால் நல்லது என்றான்

ஜனவரி 9

காலையில் குளியலறை வாசலில் மாட்டியிருக்கும் அலாரம் காது கிழியக் கத்தியது. கேஸ் ஹீட்டரிலிருந்து விஷப்புகை கசிந்தால் கத்தும் என்று இவர் வெளியூர் வேலைக்குப் போகுமுன் மாட்டிவிட்டுப் போனது. தம்பியைக் கூப்பிட்டேன். ஹீட்டர் மெக்கானிக்கே கூடப் பிறந்திருக்கும்போது வெளியாள் எதற்கு?

டார்ச் அடித்துப் பார்த்தான். அலாரத்தைக் கழற்றி வண்டிக்கு எடுத்துப்போய், திரும்ப வந்து மாட்டினான். "அலாரம்தான்க்கா கோளாறு. சரி பண்ணிட்டேன். இந்தப் பச்சை விளக்கு எரியலைன்னா எல்லாம் நல்லாயிருக்குன்னு அர்த்தம்." டீ கூடக் குடிக்காமல் ஓடினான்.

ஜனவரி 13

தலைவலி.

ஜனவரி 16

மகளுக்கும் தலைவலியாம், குமட்டலாம். பள்ளிக்கூடம் போனதும் சரியாகிவிடுகிறதாம்! கணக்குப் பரீட்சை வருகிறதல்லவா. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று திட்டினேன். அழுதாள்.

பக்கத்து வீட்டு டீச்சரும் அலாரம் வாங்கியிருக்கிறார். பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிகிறதே என்று கேட்டார். எரியக் கூடாது, கோளாறாக இருக்கும் என்று விளக்கம் வேறு சொன்னேன். பெரிய மேதாவி நான்.

ஜனவரி 19

குளிக்கப் போனவள் வெளியே வரலை. கூப்பிட்டேன், பதில் இல்லை. டீச்சரும் நானும் கதவை உடைச்சோம். தரையில கிடந்தா. என் தங்கம், என் கண்ணு

ஜனவரி 20

பிழைத்துவிட்டாள். மூக்கில் ஆக்சிஜன். ரத்தத்திலேயே கார்பன் மோனாக்சைடு கலந்திருந்ததாம். "வாசனையே இருக்காதும்மா. இன்னும் பத்து நிமிஷம் ஆகியிருந்தா…" என்று டாக்டர் நிறுத்திக்கொண்டார். நல்லவேளை நிறுத்தினார்.

ஜனவரி 22

கேஸ் அதிகாரி வந்து பார்த்தார். ஹீட்டரின் புகைக்குழாய் இணைப்பில் இரண்டு விரல் இடைவெளி. அதன்மேல் சுற்றியிருந்த புது டேப்பும் சூட்டில் சுருண்டிருந்தது. பிறகு அலாரத்தைத் திறந்து காட்டினார். உள்ளே பேட்டரி இல்லை.

யார் கழட்டினதுன்னு கேட்டார். தம்பி அதை வண்டிக்கு எடுத்துப்போனது ஞாபகம் வந்தது. விளக்கு எப்படி எரியும்? பேட்டரியே இல்லாமல் எப்படி எரியும்?

ஜனவரி 23

தம்பி வந்தான். வாசலிலேயே நிற்கவைத்துக் கேட்டேன்.

"போன மாசம் நான் மாட்டுன குழாய்க்கா. தப்பு வெளிய தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும். சரியான சைஸ் வர்றவரைக்கும் டேப் தாங்கும்னு நெனச்சேன்."

"ஹீட்டரைப் போடாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா!"

"சொன்னா ஏன்னு கேப்பியே."

அவ்வளவுதான். நான் ஏன் என்று கேட்பேன் என்பதற்காக என் பிள்ளையைப் பணயம் வைத்திருக்கிறான். அந்நியன் செய்திருந்தால் சபித்துவிட்டுப் போயிருப்பேன். இவன் தன் கையாலேயே பேட்டரியைக் கழற்றிவிட்டு, எல்லாம் நல்லாயிருக்கு என்றும் சொல்லியிருக்கிறான்.

ஜனவரி 24

டீச்சர் வீட்டுக்கு ஓடி, பச்சை விளக்கு எரியத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "கணக்குப் பரீட்சை போச்சும்மா" என்று சிரித்தாள்.

ஜனவரி 27

தம்பி மனைவி போனில் அழுதாள். "பேட்டரியை நீங்களே கழட்டினதா சொல்லிடுங்க அண்ணி. குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும்." பாவம், அவளுக்கு என்ன தெரியும். எனக்கும் அழுகை வந்தது. போனை வைத்துவிட்டேன்.

மதியம் அதிகாரியின் அலுவலகத்தில் நடந்ததை எல்லாம் எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்தவர், "குழாய் மாட்டுனவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"தம்பி."

நிமிர்ந்து பார்த்தார். "யோசிச்சுத்தானேம்மா கையெழுத்துப் போடுறீங்க?"

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். எழுதியதில் ஒரு வார்த்தையையும் அடிக்கவில்லை.