அந்த வீலை மாட்டியது நீதான்

இன்று காலை கடைக்கு ஒரு பழைய சீமைக் கார் வந்தது. ஸ்பிரிங்கை அறுத்துத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, அகலமான வீல் போட்டிருந்தார்கள். பின்சக்கரத்துப் பக்கம் குனிந்தேன். ரப்பர் தீய்ந்த வாடை அடித்தது. உடனே உன் ஞாபகம் வந்தது. நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. எல்லோரும் உன்னைப் பற்றி நல்லதாகவே பேசுகிறார்கள். நான் பேசப்போவதில்லை.

எண்பத்தொன்றில் விழுப்புரத்தில் நாம் சேர்ந்து டயர் கடை போட்டோம். பேச்சு உன்னுடையது, வேலை என்னுடையது. ரைஸ் மில்காரர் ஒருவர் தன் அப்பா காலத்துக் காரைக் கொண்டுவந்தார். வெளிநாட்டுப் புத்தகத்தில் பார்த்த படம்போலக் கார் தாழ்வாகவும் சக்கரம் அகலமாகவும் இருக்க வேண்டும் என்றார். ஸ்பிரிங்கை அறுத்தது நான்தான். புது வீலை வைத்துப் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. நாலு பேரை ஏற்றி உட்காரவைத்ததும் மட்கார்டின் விளிம்பு டயர்மேல் இறங்கி நின்றது. நடுவில் ஒரு விரல்கூட நுழையவில்லை.

"பள்ளத்துல எறங்கினா மட்கார்டு டயரை அறுத்துடும்டா. அகலம் கம்மியா வேற ரிம் வரட்டும்," என்றேன்.

"சும்மா பேஜாரு பண்ணிக்கினு இருக்காத. நான் பாத்துக்கறேன்," என்றாய்.

மறுநாள் என் தங்கையைப் பெண் பார்க்க ஒலக்கூரிலிருந்து வந்திருந்தார்கள். நான் கடைக்கு வரவில்லை. நீ அதே வீலை மாட்டி அனுப்பிவிட்டாய். மூன்றாம் நாள், திண்டிவனத்துக்கு முன்னால் ஒரு வளைவில், டயர் கிழிந்து வண்டி கவிழ்ந்தது. மற்றவர்கள் காயத்தோடு தப்பினார்கள். டிரைவர் ஏழுமலைக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

விசாரிக்க வந்த போலீசிடம், வீலை மாட்டியவன் என்று என்னைக் கைகாட்டினாய். ஸ்பிரிங்கை அறுத்தவன் நான் என்பதால் நம்பிவிட்டார்கள். இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். ஒலக்கூர்க்காரர்கள் சம்பந்தம் வேண்டாம் என்று ஆளனுப்பினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஏழுமலை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

திண்டிவனம் ரோட்டில் தனியாகக் கடை போட்டேன். ஆறு வருடம் உனக்காகக் காத்திருந்தேன். ஒருநாள் நீயாகவே வந்தாய். நீ ஆசையாக வாங்கித் தாழ்த்திய கார்; உள்ளே உன் மனைவி, மகன். திண்டிவனத்தில் யாருக்கோ நிச்சயதார்த்தம். பாதி வழியில் டயர் உரச ஆரம்பித்திருந்தது. எதுவும் நடக்காததுபோல என்னிடம் டயரைப் பார்க்கச் சொன்னாய்.

"அன்னிக்கு அந்த வீலை மாட்டினது யாருன்னு உன் பையன் முன்னாடி சொல்லு. அப்புறம் ஜாக்கி எடுக்கறேன்," என்றேன்.

"நான்தான்" என்றாய், வாய்க்குள்ளேயே. காதில் விழவில்லை என்றேன். விழுந்திருந்தது. மறுபடி சொன்னாய். உன் மகன் காரைவிட்டு இறங்கி, ரோட்டைத் தாண்டிப் போய்த் தனியாக நின்றான். எனக்கு அது இனித்தது.

உன் மனைவி என்னிடம் வந்தார். "இப்ப மனசு ஆறிச்சாங்கண்ணா?"

"ஆறலம்மா. அவன் ஏழுமலைகிட்ட போய்ச் சொல்லணும்."

சொல்வதாகத் தலையாட்டினாய். அதன் பிறகுதான் கார்மேல் கை வைத்தேன். மட்கார்டு விளிம்பை உள்பக்கமாக மடக்கி, அகலம் குறைந்த ரிம் போட்டு, உங்களையே ஏற்றி உட்காரவைத்து, விரல் விட்டுப் பார்த்து அனுப்பினேன். ஏனோதானோ என்று செய்து அனுப்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதையும் நீ தெரிந்துகொள்.

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் உயிரோடு இருந்தாய். ஓமந்தூரில் இருக்கும் ஏழுமலை வீட்டுக்கு ஒருநாளும் போகவில்லை. உன் பதினாறாம் நாள் முடிந்ததும் நானே கிளம்பினேன். கேள்விப்பட்டு உன் மனைவியும் கூட வந்தார். நான் சொன்னதை ஏழுமலை நம்பவில்லை. அவர் சொன்னதும் நம்பினான். உன் குற்றத்தை உன் வீட்டு வாயாலேயே சொல்லவைத்தேன் என்ற திருப்தியோடு எழுந்தேன்.

ஏழுமலை கட்டையை ஊன்றி வாசல்வரை வந்தான். "உங்க மேல கோவத்த வெச்சிக்கினே இத்தனை வருஷம் ஓட்டிட்டேன். இனிமே அத யார் மேல வைக்கறது? அவரும் இல்லையே," என்றான்.

உன் மனைவியோடு பஸ் ஏறினேன். உன்மேல் எனக்கிருக்கும் கோபத்தோடு அவன் கோபத்தையும் சேர்த்து இப்போது நான்தான் சுமக்கிறேன்.