ராணுவப் பைக்குப் புது ஃபிரேம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் சமையலறைக் குழாய் ஒழுகியது. வாஷர் மாற்றினேன், நின்றது. மத்தியானம் கேப்டன் போன் செய்தார். பத்து மாதம் கழித்து.

எங்கள் நடைக்குழுவின் தலைவர் அவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ராணுவம் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேப்டன்.

"மே மாச மலை நடைக்கு ஆள் எடுக்கிறோம்க்கா. இந்தத் தடவை நீங்க அடிவாரத்துலயே இருந்து சாமான்களைப் பாத்துக்கங்களேன்."

"சாமானைப் பாத்துக்க ஒரு பூட்டு போதும் தம்பி. நான் எதுக்கு?"

"போன வருஷம் நடந்தது உங்களுக்கே தெரியும்..."

தெரியும். நன்றாகவே தெரியும். இரண்டாம் நாள் ஏற்றத்தில் என் முதுகுப்பையைத் தாங்கும் கம்பிச் சட்டம், அந்த ஃபிரேம், படக்கென்று உடைந்தது. சாய்ந்து விழுந்தேன், முழங்கால் வீங்கியது. என் சுமையை மற்றவர்கள் பங்குபோட்டுச் சுமந்தார்கள். அன்றிலிருந்து ஊர்ப்பேச்சு ஒன்றுதான்: அக்காவுக்கு வயசாயிடுச்சு. ஆயிற்று, அறுபத்தொன்பது. ஆனால் உடைந்தது ஃபிரேம், நான் இல்லை. ஏன் உடைந்தது? அன்று காலை குழுவின் பெரிய பாத்திரத்தை என் பையில் கட்டியவர் கேப்டன். இதை அப்போதே இரண்டு பக்கம் எழுதி எல்லா உறுப்பினருக்கும் அனுப்பினேன். ஒரு வரி பதில் இல்லை. நானும் பேசவில்லை.

இன்று கடைசியில் ஒரு நிபந்தனைக்கு வந்தார். ஏப்ரல் பன்னிரண்டு, ஏரிக்கு மேலே உள்ள குன்று. பன்னிரண்டு கிலோ சுமையோடு யார் உதவியும் இல்லாமல் ஏறி இறங்க வேண்டும். பை உறுதியாக இருக்க வேண்டும். அப்படியானால் மே மாதம் எனக்கு இடம் உண்டு.

"சரி" என்று வைத்துவிட்டேன். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

மார்ச் 4, புதன்

பையைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தேன். ராணுவம் கழித்துவிட்ட சாமான் விற்கும் கடையில் இருபத்துமூன்று வருடம் முன்னால் வாங்கியது. பச்சை கான்வாஸ். மூடியின் உள்பக்கம் யாரோ ஒரு சிப்பாயின் எண், பெயிண்ட் மங்கி ஏழு மட்டும் தெரிகிறது. தையல் ஒரு இடத்தில்கூட விடவில்லை.

மகன் போனில், "தூக்கிப் போடும்மா, புதுசு வாங்கித் தரேன்" என்றான்.

"பை நல்லாத்தான்டா இருக்கு. எலும்புதான் போச்சு. எலும்பை மாத்திக்கறேன்."

"இதை டாக்டர் கேட்டா சிரிப்பாரு."

சிரிக்கட்டும். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். அந்த ராட்சச மெஷின்களைப் பழுதுபார்க்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கழற்றிப் பார்த்தேன், தெரிந்துகொண்டேன்.

மார்ச் 6, வெள்ளி

மூன்று கடை ஏறி இறங்கினேன். ஃபிரேம் மட்டும் தனியாக எவனும் விற்பதில்லை. செய்ய வேண்டியதுதான்.

மார்ச் 9, திங்கள்

அளவெடுக்க உடைந்த ஃபிரேமை எடுத்தேன். விழுந்த வாரமே அதைச் சாக்கில் சுற்றி, கயிறு போட்டு, பரணில் வைத்தாயிற்று. குழுவின் ஆண்டுக் கூட்டத்தில் சாட்சியாகக் காட்டலாம் என்று. அந்தக் கூட்டம் நடக்கவேயில்லை. பத்து மாதமாக நான் சாக்கைப் பிரிக்கவும் இல்லை.

இன்று பிரித்தேன்.

இடது கம்பி, மேல் வளைவில் உடைந்திருக்கிறது. வளைவில் ஒரு ஓட்டை. உடைப்பு அந்த ஓட்டை வழியாகத்தான் போயிருக்கிறது. ஓட்டை ராணுவம் போட்டதில்லை. நான் போட்டது. பாய் மாட்ட ஒரு கொக்கி வேண்டும் என்று எட்டு வருடம் முன்னால் டிரில் எடுத்துப் போட்டேன்.

உடைந்த விளிம்பை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். ஓட்டையைச் சுற்றி முக்கால் பங்கு கறுத்து அழுக்கேறிக் கிடக்கிறது. கால் பங்குதான் பளிச்சென்று இருக்கிறது. கறுத்த பங்கு பழைய விரிசல். உடைந்த சலவை மெஷின் அச்சு எத்தனை பார்த்திருக்கிறேன், எனக்கு இதைப் படிக்கத் தெரியாதா? பாத்திரம் ஏறும் முன்பே அது முக்கால்வாசி உடைந்த ஃபிரேம். வருடக்கணக்காக மெல்ல மெல்ல.

மறுபடி சாக்கில் சுற்றிவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

இருக்கலாம். ஆனா பாத்திரத்தைக் கட்டுனது அவர்தானே? கேட்டுட்டா கட்டினாரு? — இன்று எதுவும் செய்யவில்லை.

மார்ச் 14, சனி

கம்பி கிடைத்துவிட்டது. வீட்டிலேயே இருந்திருக்கிறது.

போன வருடம் விழுந்ததும் மகன் ஒரு வாக்கர் வாங்கிப் போட்டான். நாலு கால், அலுமினியம், கைப்பிடியில் சாம்பல் நிற ரப்பர். ஒரு நாள்கூட நான் அதைப் பிடித்து நடந்ததில்லை. ஈரத் துண்டு காயப்போட மட்டும் உதவியது. இன்று துண்டை எடுத்துவிட்டு டேப்பை வைத்தேன். ஒரு பக்கத்தை மட்டும் கழற்றினால் ஒரே குழாய், மேலே அழகாக வளைந்து இரண்டு காலாக இறங்குகிறது, நடுவில் குறுக்குக் கம்பி. முதுகுப்பை ஃபிரேமுக்கு வேறென்ன வேண்டும்? கீழே கால் கொஞ்சம் விரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ரம்பத்தை எடுத்ததும் வீட்டுக்காரர் பேப்பரை மடக்கினார்.

"அது நீ நடக்கறதுக்கு வாங்கினது."

"நடக்கத்தான் வெட்டறேன்."

"அப்ப சரி" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

உயரம் ஏற்றி இறக்க வாக்கர் காலின் அடியில் வரிசையாக ஓட்டை போட்டிருக்கிறார்கள். அந்தப் பகுதியை இரண்டு காலிலும் முழுக்க வெட்டி எறிந்தேன். பழைய ஃபிரேமைவிட நீளம் இரண்டு அங்குலம் குறைந்தது. பரவாயில்லை. ஓட்டை உள்ள கம்பி வேண்டாம்.

எழுதிவிட்டுத்தான் யோசிக்கிறேன், ஏன் வேண்டாம் என்று எனக்கே நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

மகன் வந்திருந்தான். மிச்சம் கிடந்த பாதி வாக்கரைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

"ஏம்மா, உனக்கு வேற எதுவுமே கிடைக்கலையா?"

"இதைவிட நல்ல கம்பி கிடைக்கலடா. நல்லதாப் பாத்துத்தான் வாங்கியிருக்க."

அவனுக்குக் கோபிப்பதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவன் அப்பாதான், "உள்ள வா, அடுத்து நாற்காலியை வெட்டறதுக்குள்ள உக்காந்துக்க" என்றார்.

மார்ச் 22, ஞாயிறு

ஒரு வாரம் கம்பியோடு மல்லுக்கட்டு. விரிந்த கால்களை உள்ளே வளைக்க வேண்டும். வெறும் குழாயை வளைத்தால் மடிந்துபோகும். உலர்ந்த மணலை உள்ளே இறுக்கி நிரப்பி, இரண்டு முனையிலும் மரக்கட்டை அடைத்து, வாசல் கேட் தூணில் வைத்து மெல்ல மெல்ல இழுத்தேன். ஒரு நாளைக்குக் கால் அங்குலம். அவசரப்பட்டால் கீறல் விடும்.

கீழ்க் குறுக்குக் கம்பிக்கு டிரில் போடவில்லை. பிளம்பர்கள் போடும் கிளாம்ப் நாலு வைத்து முடுக்கினேன். மேலே, ஃபிரேம் நுழையும் பையின் உறை புது வளைவுக்குப் பொருந்தவில்லை. பிரித்து, மெழுகு தேய்த்த நூலால் தைத்தேன். ஊசி கான்வாஸில் இறங்கும்போது கட்டைவிரல் கதறியது. நல்ல வேலை. நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

மார்ச் 26, வியாழன்

சாப்பிட்டு முடித்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. "அந்தப் பழைய ஃபிரேமுல ஒரு ஓட்டை இருக்கு" என்றேன், அவ்வளவுதான்.

"ஆமா. கொக்கி போட்டியே, அந்த ஓட்டை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சாக்குல சுத்திக் கட்டினது யாரு? நான்தானே."

பத்து மாசம்! பத்து மாசமா தெரிஞ்சுகிட்டே இந்த மனுஷன் எதிர்லயே உக்காந்து சாப்பிட்டிருக்காரு. ஏன் சொல்லலைன்னு கேட்டேன்.

"அன்னிக்கு நீ ரெண்டாம் பக்கம் எழுதிக்கிட்டிருந்த. நடுவுல புகுந்து சொல்லிட்டு நான் எங்க போய்ச் சாப்பிடறது?"

சிரிக்கவில்லை நான். அவரும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு, "உங்க கேப்டன் கடைப்பக்கம் போனா இப்பவும் உன்னைப் பத்தித்தான் கேக்கறாரு. முழங்கால் எப்படின்னு" என்றார்.

என்ன செய்வது? சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பழையது என் கையால் கெட்டது. புதியதும் என் கையால் செய்தது. அப்போ கிளம்புங்கக்கா என்று சொல்ல அவருக்கு அதைவிட நல்ல காரணம் கிடைக்காது. சொல்லாமல் குன்றை ஏறி இறங்கிவிட்டால் இடம் எனக்குத்தான்.

ஆனால் என் கடிதம் இருபத்திரண்டு வீட்டில் இருக்கிறது. அதில் இருப்பது உண்மையில்லை. தெரியாமல் எழுதியவரைக்கும் அது தப்பு. தெரிந்தபிறகும் விட்டுவைத்தால் பொய்தானே?

மார்ச் 28, சனி

போனேன். சாக்கு மூட்டையும் புது ஃபிரேமும் இரண்டு கையில்.

கடையில் கேப்டன் ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் போகும்வரை நின்றேன். பிறகு மூட்டையைப் பிரித்து, உடைந்த துண்டைக் கண்ணாடி மேஜைமேல் வைத்து, "பூதக்கண்ணாடி இருந்தா எடுத்துப் பாருங்க" என்றேன்.

கடிகாரக்காரர்போல ஒற்றைக் கண்ணில் ஒன்றை மாட்டிக்கொண்டு பார்த்தார். கறுத்தது எது, பளிச்சென்றது எது, ஓட்டை போட்டது யார், எல்லாம் சொன்னேன். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"உங்க கடிதம் வந்ததும் அந்தப் பாத்திரத்தை நான் எடை போட்டேன்க்கா. ரெண்டு கிலோ எழுநூறு. மறுநாளும் போட்டேன். ஒருவேளை மெஷின் தப்போன்னு பக்கத்துக் கடையில கொண்டுபோயும் போட்டேன்."



"அதை அப்பவே எனக்கு எழுதியிருக்கலாமே" என்றேன்.

"என்னன்னு எழுதறது? நீங்க விழுந்தீங்க, நான் கட்டின பாத்திரம். ரெண்டு கிலோன்னு கணக்குச் சொல்லவா?"

அப்புறம் நான் பயந்த இடத்துக்கே வந்தார். "சரிக்கா. ஆனா இந்தப் புதுசும் நீங்க பண்ணினதுதானே? நான் எதை நம்பி மலையில ஏத்தறது?"

கேள்வி நியாயமானது. அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நியாயமானது.

"என்னை நம்ப வேணாம். தொங்கவிட்டுப் பாருங்க. முப்பது கிலோ மணல், ரெண்டு நாள். இங்கயே, உங்க கண் முன்னால."

கடையின் பின்கட்டு உத்தரத்தில் தொங்கவிட்டோம். மணலை அவரே எடை போட்டார். முப்பதுக்கு ஒரு கைப்பிடி கூடவே போட்டார், நான் பார்க்கவில்லை என்று நினைப்பு.

மார்ச் 30, திங்கள்

கம்பி அசையவில்லை. கிளாம்ப் மட்டும் ஒன்று மயிரிழை நழுவியிருந்தது. நானே காட்டினேன். அந்த இடத்தில் ரப்பர் பட்டை வைத்து இறுக்கி, இன்னும் இரண்டு நாள் தொங்கட்டும் என்று நானே சொன்னேன். "நீங்க என்னைவிட மோசம்க்கா" என்றார்.

ஏப்ரல் 2, வியாழன்

நழுவவில்லை. கொண்டுவந்துவிட்டேன். உறுப்பினர் இருபத்திரண்டு பேருக்கும் இன்று இரண்டாம் கடிதம். முதல் கடிதம் எழுத இரண்டு பக்கம் ஆயிற்று, இது ஏழு வரி. மன்னிப்பு என்ற சொல்லை எழுதவில்லை. ஓட்டை யாருடையது என்று எழுதினேன். கடைசி வரியில், பொதுச் சாமானை இனிமேல் எடைபோட்டுப் பிரிக்க வேண்டும் என்றும் எழுதினேன். அதை விட்டுக்கொடுக்க முடியாது.

ஏப்ரல் 12, ஞாயிறு

பன்னிரண்டு கிலோ. ஏறினேன், இறங்கினேன். பழைய ஃபிரேம் இடுப்பில் இடிக்கும், ராணுவ வீரன் உயரத்துக்குச் செய்தது. இருபத்துமூன்று வருடம் இடிபட்டே நடந்திருக்கிறேன். இரண்டு அங்குலம் குறைந்த இது முதுகோடு ஒட்டி உட்கார்ந்துகொள்கிறது.

கீழே கேப்டன் கிளாம்ப்களைத் தடவிப் பார்த்தார். நாலையும். பட்டியலில் என் இடத்தைப் பேனாவால் எழுதினார், பென்சிலால் இல்லை.

மே 9, சனி. மலையில், இரண்டாம் நாள்

பதினேழு கிலோமீட்டர். மழை வரும்போல் இருந்தது, வரவில்லை. போன வருடம் விழுந்த ஏற்றம் பதினொரு மணிக்கு வந்தது. மூச்சு வாங்கியது, ஏறினேன்.

எங்கள் குழுவில் வரிசையின் கடைசி ஆளிடம் விசில் இருக்கும். அவருக்குப் பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. யார் தளர்ந்தாலும் அவர்தான் கூட நிற்க வேண்டும், தேவைப்பட்டால் சுமையை வாங்கிக்கொள்ள வேண்டும். இத்தனை வருடமும் கேப்டன் அதை வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. இன்று காலை கூடாரம் மடிக்கும்போது வந்து என் கழுத்தில் மாட்டிவிட்டு முன்னால் போய்விட்டார்.

குழுவில் ஒருவரான கணக்கு வாத்தியார் ஒவ்வொரு பூவுக்கும் நின்று போட்டோ எடுத்தார். "நீங்க முன்னால போங்கக்கா, நான் வந்துடறேன்."

"போக முடியாது வாத்தியாரே. நீங்க எடுங்க, நான் நிக்கறேன்."

நின்றேன். இருட்டுவதற்குள் நடைக்கு வந்த பதினான்கு பேரையும் எண்ணி முகாமுக்குள் விட்டேன். அதன் பிறகுதான் பையை இறக்கினேன்.