தகரப்பெட்டியில் இருந்த கூறை

சிவமயம்

பினாங்கு,
ஜப்பான் ஆண்டு 2603, கார்த்திகை 18

அன்புள்ள செல்வநாயகிக்கு,

நான் சுகம் என்று எழுதினால் நீர் நம்பமாட்டீர். நடமாடுகிறேன்; அரை வயிற்றுக்கு மரவள்ளிக்கிழங்கு கிடைக்கிறது. நீர் தைப்பிங்குக்குப் போன பதினொரு மாதத்தில் இதுதான் என் முதல் கடிதம். உமது அண்ணர் பரமநாதன் பிரித்து வாசித்தால் வாசிக்கட்டும். அவருக்கு முன்பே தபால் கந்தோரில் வாசித்திருப்பார்கள்.

ஐப்பசி மழையில் ஆறு பெருகி, நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்துவிட்டது. துணிப் பஞ்சத்தில் சாக்கை உடுத்திக்கொண்டிருந்த சனங்களுக்கு அந்தச் சாக்கும் போய்விட்டது. நமது கோயில் சபையார் வீடு வீடாகத் துணி சேர்த்தார்கள். முன்னுக்கு வந்தவர் விஸ்வலிங்கம். துறைமுகக் கந்தோரில் எனக்கு வரவேண்டிய தலைமைக் கிளாக்கர் உத்தியோகத்தைத் தட்டிக்கொண்டு போனவர், இப்போது தருமத்துக்கும் அவரே தலைவர். "உம்மட வீட்டிலை என்ன கிடக்கப்போகுது, ஐசே? பழைய சாரம் ஏதும் இருந்தால் தாரும்" என்றார். நீர் விட்டுப்போன தகரப்பெட்டியை இழுத்து வந்து அவர் காலடியில் வைத்தேன்.

அதை நான் திறந்து பார்க்கவில்லை. நல்ல பெட்டியைக் கொண்டுபோய், வேண்டாததை எனக்கு விட்டுவிட்டீர் என்றுதான் நினைத்திருந்தேன். நீர் விட்டதைத் தொடுவதில்லை என்று ஒரு வீம்பு.

துணி வழியில் மறையாமல் போய்ச் சேருகிறதா என்று பார்க்க நானும் கூடப் போனேன், புண்ணியத்துக்கல்ல. இரண்டு நாள் லயத்துச் சேற்றை வாரினோம். கை கொப்பளித்தது. யாரும் நன்றி சொல்லவில்லை. சொல்லும்படி நானும் நடந்துகொள்ளவில்லை.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தில் துணி கொடுத்தோம். பெண்கள் வரிசையில் பாதிப்பேர்தான் வந்திருந்தார்கள். ஒரே சேலையை மாறி மாறிக் கட்டும் மற்றவர்கள், அதைக் கட்டிக்கொண்டு வந்தவள் திரும்பினால் தாங்கள் வரலாம் என்று லயத்துக்குள் காத்திருந்தார்கள். உமது பெட்டியில் மேலே இருந்த இரண்டு பழஞ்சேலைகள் முன்னே நின்றவர்களுக்குப் போயின. அடுத்து, இரவல் சாக்கொன்றைச் சுற்றிக்கொண்டு நின்றவள் புஷ்பவள்ளி. புருஷனை ஜப்பான்காரர் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவளுக்கென்று அடியில் இருந்ததை எடுத்தேன். வெள்ளைத் துணிக்குள் உமது கூறை.

விஸ்வலிங்கம் கேலி செய்யவில்லை. "எடுத்து வையும், கனகசுந்தரம். இது குடுக்கிற சாமான் இல்லை" என்று மெதுவாகச் சொன்னார். வேறு யார் சொல்லியிருந்தாலும் எடுத்து வைத்திருப்பேன். அவர் சொன்னதால், கொடுத்தது கொடுத்ததுதான் என்று நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. "இது கல்யாணச் சேலையில்ல? அம்மா தவறிட்டாங்களா, ஐயா?" என்று கேட்டாள்.

அத்தனை பேர் முன்னிலையில், இல்லை, இருக்கிறா என்றேன். எங்கே என்றாள். அண்ணர் வீட்டில் என்று சொல்ல நேர்ந்தது. கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் உமக்கு நோய், வைத்தியத்துக்குப் போயிருக்கிறா என்று சொல்லி வந்தவன் நான்.

ஒரு கையால் சாக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கூறையை வாங்கினாள். "கட்டிக்கிறேன், வேற வழியில்ல. ஆனா இது எனக்குச் சொந்தமில்ல. அம்மா வந்து கேட்டா அவங்க கையில குடுப்பேன். உங்ககிட்ட குடுக்கமாட்டேன் லா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. வராதது எனக்கே புதிதாக இருந்தது.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. நீர் வீட்டைவிட்டுப் போன அன்று யார் முதலில் என்ன சொன்னார் என்பதை நான் மறக்கவில்லை, நீரும் மறந்திருக்கமாட்டீர். கூறையை ஏன் இந்த வீட்டிலேயே விட்டுப்போனீர் என்றும் கேட்கமாட்டேன்.

தோட்டத்துக் கிணறுகளை இறைக்க வேண்டியிருப்பதால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பைராமுக்குப் போகிறேன். பட்டுத்துணி அந்தச் சேற்றில் அதிக நாள் தாங்காது. எனக்கோ அவள் தரமாட்டாள். தைப்பிங்கிலிருந்து வரும் ரயில் நிபோங் திபாலில் நிற்கும். வருகிறேன் என்று நீர் எழுதினாலும் எழுதாவிட்டாலும் வெள்ளிக்கிழமைகளில் ஸ்டேஷனில் நிற்பேன். அவளுக்கு மாற்றிக் கட்ட வேறொரு சேலை கொண்டுவாரும்.

உமது அண்ணருக்கு என் வணக்கம். இரவல் வீட்டில் உமது உடம்பைக் கவனித்துக்கொள்ளும். சிவபெருமான் உமக்கு வழித்துணையாக இருக்கட்டும்.

உமது கணவன்,
க. கனகசுந்தரம்