கன்னம் மட்டும் ஒட்டவில்லை

மார்ச் 3

அன்புத் தங்கச்சிக்கு,

போனில் சொன்னால் நீ கேள்வி கேட்டே கொன்றுவிடுவாய், உன் அண்ணி பக்கத்தில் நின்று அழுவாள். அதனால் பேனாவைப் பிடித்தேன். ஊர்ச் சுவருக்கெல்லாம் பெயிண்ட் அடித்த எனக்கு யாரோ பெயிண்ட் அடித்துவிட்டார்கள். கண், நகம், எல்லாம் மஞ்சள். பித்தக்குழாயில் அடைப்பு, ஸ்கேன் படத்தில் பார்த்தால் புற்றுநோய் மாதிரி இருக்கிறது என்கிறார் சர்ஜன். பயாப்சியில் உறுதியாக ஒன்றும் வரவில்லையாம். ஆனாலும் காத்திருக்க முடியாது, கல்லீரலில் பாதியை எடுக்க வேண்டும் என்று இருபதாம் தேதி குறித்துவிட்டார். "பொழைச்சுக்குவேனா டாக்டர்?" என்று கேட்டேன். "பெரிய ஆபரேஷன்தாங்க" என்றார். கேட்ட கேள்விக்கு அது பதிலா, நீயே சொல்.

பயமாக இருக்கிறது. பெண் இன்னும் படிப்பை முடிக்கவில்லை. இளைத்துப் போய்ப் பேன்ட் இடுப்பில் நிற்பதில்லை. ஆனால் கன்னம் மட்டும் ஒட்டவில்லை. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் உப்பியிருக்கிறது. "மிட்டாயை அடக்கி வச்சிருக்கீங்களா?" என்று உன் அண்ணி கேலி செய்கிறாள்.

நீயும் பித்தக்குழாய் ஆராய்ச்சி என்று வருஷக்கணக்காக எலியோடு குடித்தனம் நடத்துகிறாய். ஒருமுறை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போ.

அண்ணன்

மார்ச் 6

என் அண்ணனுக்கு,

உன்னை என்ன சொல்லித் திட்டுவது? இதையெல்லாம் தபாலிலா சொல்வார்கள்? போன் போட்டால் எடுக்கவும் இல்லை. எலி பக்கத்து அறையில் இருக்கிறது. நான் மனிதர்களின் சதைத் துணுக்கைத்தான் பார்க்கிறேன்.

உன் கன்னத்தைப் பற்றித் திரும்பத் திரும்பப் படித்தேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறிப் பித்தக்குழாயை வீங்கவைக்கும் நோய் ஒன்று உண்டு. படத்தில் அச்சு அசல் புற்றுநோய்தான். சிலருக்கு எச்சில் சுரப்பிகளும் வீங்கும், தாடைக்குக் கீழே. கத்தி தேவையில்லை, மாத்திரைக்கே அடங்கும். அதுதான் என்று நான் சொல்லவில்லை, அதுவா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்கிறேன். உன் பயாப்சித் துணுக்கையும் ரத்தத்தையும் இங்கே அனுப்பச் சொல்.

இங்கே யாருடையது என்று தெரியாமல்தான் பார்ப்போம். உன்னுடையதையும் மற்றவர்களுடையதோடு கலந்து, எண் மட்டும் ஒட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். தெரிந்து பார்த்தால் ஆசை என் கண்ணை மறைத்துவிடும். நான் புற்றுநோய் என்று எழுதுவது உன்னுடையதாகவும் இருக்கலாம் அண்ணா. அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

தங்கச்சி

மார்ச் 11

தங்கச்சிக்கு,

அனுப்பியாகிவிட்டது. சர்ஜன் முகம் சுருங்கியது. "உங்க தங்கச்சி சொன்னா நான் நிறுத்தணுமா?" என்றார். "நிறுத்த வேணாங்க, ஒரு வாரம் தள்ளுங்க" என்றேன். கடைசியில் சரி என்றார், பாவம், நல்ல மனுஷன்தான்.

அது சரி, கூடப் பிறந்தவனுக்கும் எண்தானா? நல்ல நியாயம். ஆனாலும் நீ சொன்னபடியே பார். எனக்காக எதையும் மாற்றி எழுதிவிடாதே.

அண்ணன்

மார்ச் 18

அண்ணா,

நேற்று போனில் நான் அழுததில் உனக்குப் பாதி புரிந்திருக்காது. நிதானமாக எழுதுகிறேன்.

ஐந்தாம் எண் புற்றுநோய். அதை எழுதிவிட்டு அடுத்ததை எடுத்தேன். ஒன்பதாம் எண்ணில் நான் தேடும் செல்கள் கூட்டம் கூட்டமாக நின்றன. "புற்றுநோய் இல்லை, எதிர்ப்புச் சக்தி நோய்" என்று எழுதினேன். இன்னொருவரும் தனியாகப் பார்த்து அதையே எழுதினார். ரத்தப் பரிசோதனையும் ஒத்துப்போனது. பிறகுதான் பெயர்களைத் திறந்தார்கள். ஒன்பது நீ.

படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஐந்தும் யாரோ ஒருத்தியின் அண்ணன்தானே என்று கொஞ்சம் அழுதேன். மிச்சமெல்லாம் சந்தோஷம்தான்.

ஆபரேஷன் வேண்டாம் என்று உன் சர்ஜனே ஒப்புக்கொண்டார். ஸ்டீராய்டு மாத்திரையை ஒரு வேளைகூட விடாதே, நீயாக நிறுத்தவும் செய்யாதே. அண்ணியிடம் சொல்லிவிட்டேன், தப்பிக்க முடியாது.

தங்கச்சி

மே 9

என் டாக்டர் தங்கச்சிக்கு,

கண் வெள்ளையாகிவிட்டது. கன்னமும் வடிந்துவிட்டது, உன் அண்ணிக்குக் கேலி செய்ய ஒன்றும் இல்லை. நேற்று ஏணியில் ஏறி ஒரு கூரை முழுக்க அடித்தேன். கீழே நின்று அவள் திட்டிக்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்க இனிமையாக இருந்தது.

புதுப் படத்தை மாட்டி, சர்ஜன் மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். குழாய் நன்றாகத் திறந்திருக்கிறது. "இவரை நான் அறுத்திருப்பேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். இனிமேல் சந்தேகமான துணுக்கு எதுவானாலும் உன் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பதில் வந்த பிறகுதான் தேதி குறிப்பாராம். இப்போதே இரண்டு பேருடையது கிளம்பிவிட்டது. நன்றாகப் பார்.

எலியோடு குடித்தனம் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அடுத்த மாதம் வந்து உன் ஆய்வகத்துக்குப் பெயிண்ட் அடித்துத் தரப்போகிறேன், கூலி கிடையாது. என்ன நிறம் வேண்டும் என்று எழுது. மஞ்சள் மட்டும் கேட்காதே.

இப்படிக்கு,
ஒன்பதாம் எண்