ஒரு சாண் தள்ளிப் போன குண்டு

என் தணிகாசலத்துக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. உன் போட்டோவுக்குப் போட்ட சந்தன மாலையை இன்னும் யாரும் கழற்றவில்லை. உன் வீட்டம்மா நடுவில் ரொம்ப இளைத்துப்போனார்கள், இப்போது பரவாயில்லை. வடக்கனந்தல் பக்கம் கரும்பு வெட்ட ஆள் கிடைக்காமல் எல்லாரும் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். உயிரோடு இருந்தால் நீயும் திட்டிக்கொண்டிருப்பாய்.

ஆனால் ஊர்க்கதை சொல்ல இதை எழுதவில்லை. நான் சுட்ட ஒரு குண்டைப் பற்றி நீ தப்பாக நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தாய். அப்படி நம்பவிட்டவன் நான். ஓய்வுபெற்ற போலீஸ்காரர்களின் மலருக்கு இதை அனுப்பப்போகிறேன். அச்சில் வந்துவிடும் என்ற பயம் இருந்தால்தான் சொல்ல வேண்டியவனிடம் முன்னதாகப் போய்ச் சொல்வேன். என்னை எனக்குத் தெரியும்.

சப்-இன்ஸ்பெக்டர் பயிற்சியில் நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சுட்டோம். எனக்கு இடது பக்கம் நீ. ஆளுக்கு ஆறு ரவுண்டு, ரிவால்வர், பதினைந்து கஜம். முதல் நாள் டார்கெட்டை எண்ணியபோது என்னுடையதில் இடது ஓரமாக நாலு ஓட்டை. உன்னுடையதில் ஏழு. என் ஆறில் மீதி ஒன்று மண்மேட்டில். பயிற்சி கொடுத்த ஏட்டையா உன்னைப் பார்த்து, "ஆறு ரவுண்டுல ஏழு ஓட்டையா? நீ பெரிய ஆளுடா" என்றார். நீ சிரிக்காமல் சல்யூட் அடித்தாய்.

அங்கே எல்லாமே கட்டளைதான். "இடது கண்ணை மூடு" என்பார், நாற்பது பேரும் மூட வேண்டும். எனக்கு அது நிற்காது. இமை துடிக்கும், விரல் அழுத்துகிற நேரம் பார்த்துத் திறந்துகொள்ளும். ஒரு மாதம் அப்படியே இடது பக்கத்து மண்ணைச் சுட்டேன். கை நடுங்குகிறது என்றார்கள், விசையை வெடுக்கென்று இழுக்கிறேன் என்றார்கள், சாப்பாடு போதவில்லை என்றும் சொன்னார்கள். தேறாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று நிஜமாகவே பயந்தேன்.

கண்டுபிடித்தது நீதான். ரேஞ்சுக்கு வெளியே டீக்கடையில் உளுந்து வடையைக் கடிக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"துன்னாத. கைய நீட்டிப் புடி. ரெண்டு கண்ணும் தொறந்துக்கினு ஓட்டை வழியா அந்தக் கரெண்டு கம்பத்தப் பாரு."

"தெரியுது."

"இப்ப இடது கண்ண மூடு."

கம்பத்தைக் காணவில்லை, வடைதான் இருந்தது. வலது கண்ணை மூடச் சொன்னாய். கம்பம் ஓட்டைக்குள் வந்து நின்றது.

"உனக்குக் கை சோத்துக்கை, கண்ணு பீச்சாங்கண்ணுடா. அந்த ஆளு மூடச் சொல்ற கண்ணுதான் உனக்குக் குறி பாக்கற கண்ணு. இன்னாத்துக்கு அத்த மூடற?"

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஆயுதக் கிடங்கில் யாரோ சொன்னார்கள் என்றாய். பாதி உன் கைச்சரக்கு என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் விஷயம் சரி. எல்லாருக்கும் ஒரு கை பழகியிருப்பது போல ஒரு கண்ணும் பழகியிருக்கிறது. வலது கையில் துப்பாக்கி, பழகிய கண் இடது என்றால், அந்தக் கண் தன் பக்கத்துக்குக் குழலை இழுத்துக்கொள்ளும். குண்டும் இடது பக்கம் போகும். கையை மாற்ற வேண்டியதில்லை. முகத்தைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பி, இடது கண் குறிக்கு நேர் பின்னால் வரும்படி செய்தால் போதும். அடுத்த வாரம் ஆறில் ஐந்து நடுவில் விழுந்தது.

இன்னொன்றும் நீ சொன்னாய், அதுதான் முக்கியம். ரிவால்வரின் பின்னால் ஒரு சின்னப் பள்ளம், முனையில் ஒரு துருத்தல், அதுதான் முன்குறி. பள்ளத்தின் நடுவில் துருத்தல் நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும், இரண்டின் தலையும் சமமாக இருக்க வேண்டும். அதில் ஒரு நூல் பிசகினால் பதினைந்து கஜத்தில் ஒரு சாண் பிசகும். கண்ணால் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் தெளிவாகப் பார்க்க முடியாது. ஆகவே பார்வை முன்குறி மேலேயே இருக்க வேண்டும், டார்கெட் மங்கலாகத் தெரிந்தால் போதும். புதிதாகச் சுடுகிற எல்லாரும் டார்கெட்டைத்தான் பார்ப்பார்கள். "சுட்டு முடிக்கிற வரைக்கும் டார்கெட்ட மறந்துடு" என்றாய்.

பயிற்சி முடிந்து உனக்குத் திருநாவலூர் பக்கம் போஸ்டிங். எனக்கு உன் ஊர் வடக்கனந்தல் பக்கமே, மலை அடிவாரத்தில். அடுத்த வருஷமே இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்தது. உங்கள் ஜனம் ரோட்டுக்கு வந்தது. படித்த பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டது நியாயம் என்றுதான் எனக்குப் பட்டது. காக்கிச் சட்டைக்குள் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு நடந்ததை நான் சொல்லி நீ முழுதாகக் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். கல்வராயன் மலைக்குப் போகும் ரோட்டில் ஒரு புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். காலை பத்து மணி. எங்கள் பக்கம் நான், நாலு கான்ஸ்டபிள். அந்தப் பக்கம் ஐம்பது அறுபது பேர். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கல் வந்து என் பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளின் நெற்றியைப் பிளந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். அடுத்த கல்லைத் தூக்கிக்கொண்டு ஒருவன் மரத்தின் மேல் ஏறி நின்றான், முகத்தில் துண்டு கட்டியிருந்தான்.

எனக்கு யாரும் உத்தரவு கொடுக்கவில்லை. நானாக எடுத்தேன். முகத்தை வலது பக்கம் திருப்பி, இடது கண்ணைக் கொண்டுவந்து, முன்குறியைப் பள்ளத்தில் நிறுத்தினேன். காலுக்கு இல்லை, தணி. வானத்துக்கும் இல்லை. நெஞ்சுக்கு. அழுத்துகிற நேரத்தில் அவன் கல்லை ஓங்கினான், என் பார்வை முன்குறியை விட்டு அவன் மேல் போய்விட்டது. குண்டு அவனுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்ற கிளையில் இறங்கியது. கூட்டம் சிதறியது. அவன் இறங்கி ஓடும்போது துண்டு அவிழ்ந்தது. அப்போதுதான் அது உன் தம்பி ஏழுமலை என்று எனக்குத் தெரிந்தது.

வானத்தை நோக்கி ஒரு ரவுண்டு என்று ரிப்போர்ட் எழுதினேன். மறுநாள் நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வந்தாய். தம்பி எந்தக் கிளை என்று காட்டியிருந்தான். அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தாய்.

"ஏழுமலைன்னு தெரிஞ்சிதான தள்ளி வெச்ச?"

நான் ரிப்போர்ட்டை உன் பக்கம் நகர்த்தினேன்.

"நெஞ்சு மட்டத்துல, ஒரு சாண். பதினஞ்சு கஜத்துல உனக்குத் தப்பாதுன்னு எனக்குத் தெரியாதா? வானத்துலன்னு எழுதிக்கின. சரி. நான் யார்கிட்டயும் சொல்லல."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நீ என் கண்ணைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால், சவரிமுத்துவின் குண்டு வழக்கம்போல இடது பக்கம் போனது என்று சிரித்திருப்பாய். சரிசெய்தவன் நீ. அதனால்தான் நான் தவறவிடுவேன் என்று உனக்குத் தோன்றவே இல்லை. பதினைந்து கஜத்தில் புதுப் பயிற்சிக்காரன் செய்கிற தப்பைத்தான் அன்றைக்கு நான் செய்தேன். அதற்கு நீ கருணை என்று பெயர் வைத்தாய்.

முதல் நாள் பயத்தில் பேசாமல் இருந்தேன். அப்புறம் அது வசதியாக இருந்தது. உன் அம்மா எனக்கு இலை போட்டு, "எனக்கு ரெண்டு புள்ள இல்ல, மூணு" என்றார்கள். பொங்கலுக்கு உங்கள் வீட்டுக் கரும்பு வரும், கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டு கேக் போகும். ஏழுமலை இன்றுவரை என் எதிரில் உட்கார மாட்டான். அவன் அண்ணே என்று கூப்பிடும்போதெல்லாம் அந்தக் கிளைக்கு ஒரு சாண் வலது பக்கத்தில் என்ன இருந்தது என்று நினைப்பேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. முப்பது வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் உன்னிடம் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். நீ முந்திக்கொண்டாய். "ஏழுமலைய இனிமே நீதான் பாத்துக்கணும். அவன் உசுரு நீ குடுத்தது" என்றாய். நான் ஹார்லிக்ஸை ஆற்றிக்கொண்டு நின்றேன். சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? தெரியாமல்தான் சுட்டாய் என்று விட்டிருப்பாயா? தெரியாத ஒருவனின் நெஞ்சுக்கு வைத்தால் மட்டும் சரியா என்று கேட்டிருப்பாயா? இரண்டாவதைத்தான் நீ கேட்டிருப்பாய்.

இப்போது ஏழுமலையின் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையின் புரூப்பை போனில் அனுப்பியிருக்கிறான். பெரியப்பா என்று உன் பெயர் வர வேண்டிய இடத்தில் என் பெயர். மணமேடையில் உன் இடத்தில் நான் நிற்க வேண்டுமாம். "எங்க சொந்தக்காரங்க ஒரு மாதிரியா பாத்தாங்க அண்ணே. எனக்கு உசுரு குடுத்தவருன்னு சொன்னேன், அதுக்கப்புறம் யாரும் பேசல. சரின்னு சொல்லுங்க, அச்சுக்குக் குடுத்துடறேன்" என்றான். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஆகவே நாளைக் காலை முதல் பஸ்ஸில் வடக்கனந்தல் போகிறேன். போனதும் காபி கொடுப்பான். அதைக் குடிப்பதற்கு முன்னால் சொல்லிவிடுவேன். நெஞ்சுக்குத்தான் வைத்தேன், தவறிப்போனது என்று மட்டும் சொல்வேன். கல், பயம், இளவயது என்று எதையும் சேர்க்க மாட்டேன். பிறகு அவன் திட்டினால் கேட்டுக்கொள்வேன், எழுந்து உள்ளே போய்விட்டால் காத்திருக்காமல் திரும்பிவிடுவேன். பத்திரிகையில் அந்த வரியை வைப்பதும் எடுப்பதும் அவன் இஷ்டம். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு, தணி. இந்த ஒன்றில் தவறமாட்டேன்.

நாளைக் காலை வரை உன் தம்பிக்கு அண்ணன்,
சவரிமுத்து