என் தம்பி கேட்காத மன்னிப்பு

அனுப்புநர்:
காலமான பொருள் சோதனையாளரின் அக்கா,
ரத்தப் பரிசோதனைக் கூட ஊழியர்,
தையல் கடைக்கு மேல்மாடி வீடு.

பெறுநர்:
உயர்திரு மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
நுகர்வோர் குறைதீர் அலுவலகம்,
இரண்டாம் தளம்.

பொருள்: இறந்துபோன என் தம்பியின் குரலில் மன்னிப்பு வீடியோ தயாரித்து, தன் தவற்றை அவன்மேல் சுமத்திய விமர்சகர்மீது நடவடிக்கை கோருதலும், என் தம்பிக்கு அனுப்பிய அழைப்பாணையைத் திரும்பப் பெறக் கோருதலும் தொடர்பாக.

பார்வை: தங்கள் பிரிவு அலுவலர் என் தம்பியின் பெயருக்கு அனுப்பிய அழைப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வருகிற வியாழக்கிழமை காலை தங்கள் அலுவலகத்தில் நேரில் ஆஜராகும்படி என் தம்பிக்கு அழைப்பாணை வந்துள்ளது. அடையாள அட்டையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். என் தம்பி இறந்து பத்து மாதம் ஆகிறது. அவனால் வர இயலாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொண்டு, இப்படியொரு நிலை எப்படி வந்தது என்பதைக் கீழே எழுதுகிறேன்.

1. புதிதாகச் சந்தைக்கு வரும் போன், சார்ஜர், விளக்கு, மின்விசிறி போன்றவற்றைப் பெட்டி பிரித்துக் காட்டி, வாங்கலாமா வேண்டாமா என்று சொல்லும் வீடியோ சேனல் ஒன்று இருக்கிறது. அதன் உரிமையாளரை ஜனங்கள் 'பெட்டியண்ணன்' என்று கூப்பிடுகிறார்கள். இந்த மனுவில் அவரை விமர்சகர் என்றே குறிப்பிடுகிறேன். என் தம்பி அவரிடம் சோதனையாளராக வேலை பார்த்தான். வீடியோவின் தொடக்கத்திலும் முடிவிலும் விமர்சகர் முகம் காட்டுவார். நடுவில், பொருளைச் சோதித்துச் சொல்லும் பகுதியில் என் தம்பியின் கைகளும் குரலும் மட்டும் வரும். அவன் முகத்தைப் பார்வையாளர்கள் பார்த்ததே இல்லை. 'சோதனைத் தம்பி' என்றால் எல்லாருக்கும் அந்தக் குரல்தான்.

2. அங்கே ஒரு வேலைமுறை உண்டு. பொருள் விற்பனைக்கு வரும் அன்றைக்கே வீடியோ வெளியாக வேண்டும், இல்லாவிட்டால் வேறு சேனல்காரர் முந்திக்கொள்வார். ஆனால் ஒழுங்காகச் சோதிக்கப் பல நாள் பிடிக்கும். அதனால் எல்லாப் பொருளுக்கும் பொருந்துகிற மாதிரி நூற்றுக்கணக்கான வாக்கியங்களை என் தம்பியை முன்கூட்டியே பேசவைத்துப் பதிந்து வைத்திருந்தார்கள். "ராத்திரி பூரா ஆன்லயே வச்சிருந்தேன், ஒரு பிரச்சனையும் இல்ல" என்பது அதில் ஒன்று. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ரெடிமேட்'. சோதனை முடியாத இடத்தில் ரெடிமேட் வாக்கியத்தைச் சொருகிவிடுவார்கள். பிறகு சோதனையில் ஏதாவது குறை தெரிந்தால், வீடியோவின் கீழே பொடி எழுத்தில் ஒரு திருத்தம் போடுவார்கள். அதை யார் படிக்கிறார்கள்? நான் வேலை பார்க்கும் இடத்தில் ரத்தத்தைத் தொடாமலேயே முடிவு எழுதினால் என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள். அவர்களுக்கு அதுதான் தொழில் ரகசியம்.

3. தலைமாட்டில் வைக்கும் சார்ஜர் விளக்கு ஒன்று சோதனைக்கு வந்தது. படுக்கையருகே வைக்கும் பொருள் என்பதால் என் தம்பி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, மர முக்காலிமேல் வைத்து எரியவிட்டான். காலையில் அறையில் கருகிய வாடை. முக்காலியில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு வட்டம். எங்கள் எதிரிலேயே விமர்சகருக்கு போன் போட்டான். அவன் கை ஈரமாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். "அண்ணே, இது ஆள கொன்னுடும். வீடியோவ நிறுத்துங்க" என்றான். மறுமுனையில், "ரெடிமேட் போட்டு ஏத்தியாச்சுடா, பாத்துக்கலாம் விடு" என்று பதில் வந்தது. நானும் அம்மாவும் கேட்டோம். அன்று மாலை வெளியான வீடியோவில், ராத்திரி பூரா ஆனில் வைத்திருந்ததாகவும் ஒரு பிரச்சனையும் இல்லை என்றும் என் தம்பியின் குரல் சொன்னது. அவன் அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துபோனான்.

4. அந்த வாரக் கடைசியில், காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் குளியலறையிலேயே விழுந்தான். மாரடைப்பு என்றார் மருத்துவர். விமர்சகர் தகனத்துக்கு வந்தார். என் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுதார், அந்த அழுகையில் பொய் இருந்ததாக இன்றும் என்னால் சொல்ல முடியாது. சாவுச் செய்தியைச் சேனலில் இப்போது சொல்ல வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும் என்று கேட்டுக்கொண்டார். அப்போது நாங்கள் இருந்த நிலையில் எதற்கும் தலையாட்டினோம்.

5. அதற்குப் பிறகும் வீடியோக்களில் என் தம்பியின் குரல் வந்துகொண்டிருந்தது. பழைய பதிவாக இருக்கும் என்று எண்ணினோம். ஒருநாள் அவன் ஒரு புது போனைப் புகழ்ந்து பேசினான். அந்த போன் அவன் உயிரோடு இருந்தபோது தயாரிக்கப்படவே இல்லை. அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து, "தொண்டை நல்லா ஆயிடுச்சு பாரு இவனுக்கு" என்றார். கடைசி வாரத்தில் அவனுக்குச் சளி பிடித்திருந்தது. ரெடிமேட் வாக்கியங்களை ஒரு மென்பொருளில் போட்டு, எதை எழுதிக்கொடுத்தாலும் அவன் குரலில் பேசும்படி செய்திருக்கிறார்கள் என்பதைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

6. என் தம்பி இறந்து ஒரு மாதம் கழித்து, அந்த விளக்கு தீப்பிடித்து ஒரு பேருந்து ஓட்டுநரின் வலது கை வெந்துபோனது. வேறு வீடுகளிலும் தலையணை கருகியது, திரைச்சீலை எரிந்தது. ஜனங்கள் சேனலைக் கிழி கிழியென்று கிழித்தார்கள். விமர்சகர் முதலில் வாயே திறக்கவில்லை. பிறகு, கேள்வி கேட்டவர்களின் பதிவுகளை அழித்தார். அதுவும் எடுபடாமல் போனதும் ஒரு வீடியோ வெளியிட்டார். கறுப்புத் திரை, முகம் எதுவும் இல்லை. என் தம்பியின் குரல் மட்டும்: "நான்தான் சரியா சோதிக்கல. அண்ணன்கிட்ட பொய் சொல்லிட்டேன். அந்த டிரைவர் அண்ணன் கைய பாத்ததுல இருந்து எனக்கு தூக்கமே இல்ல. எல்லாரும் என்னை மன்னிச்சிடுங்க."

7. ஐயா, அந்தக் கை வெந்தபோது என் தம்பிக்குக் கண்ணே இல்லை. தூக்கத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதும் இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன், சாட்சியமாக எடுத்துக்கொள்வதும் விடுவதும் தங்கள் விருப்பம். என் தம்பி மன்னிப்புக் கேட்கிற ஜாதியே கிடையாது. என் கல்யாணத் தோட்டைத் தொலைத்துவிட்டு வந்து நின்றபோதுகூட, "சரி விடுக்கா, உன் காதுக்கு அது எடுப்பாவே இல்ல" என்றவன் அவன். அவன் குரல் மன்னிப்புக் கேட்டு நான் முதன்முதலாகக் கேட்டது அவன் செத்த பிறகுதான்.

8. அந்த வீடியோ வந்த மறுநாள் மதியம், ஓட்டுநரின் மனைவி விலாசம் விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். படியேறும்போதே திட்டிக்கொண்டு வந்தார். நான் இறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினேன். அதைப் படித்தவர், "நேத்துதானேம்மா பேசினாரு" என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. போகும்போது, தம்பியின் அறைக் கதவை இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தார்.

9. விமர்சகரை நேரில் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அக்கா, செத்தவனுக்கு என்ன கெட்ட பேரு வந்துடப் போகுது? என் பேரு போச்சுன்னா இங்க இருபது குடும்பம் தெருவுக்கு வந்துடும். அவன் இருந்திருந்தா அவனே இதத்தான் சொல்லச் சொல்லிருப்பான்" என்றார். பக்கத்து அறையில் என் தம்பியின் குரல் ஒரு மிக்சியின் நல்லது கெட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையில் இருந்த எதையாவது எடுத்து வீசியிருப்பேன். அந்தக் குரலைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டேன்.

10. முறைப்படி புகார் செய்யலாம் என்று சேனலின் குறைதீர் எண்ணுக்கு போன் செய்தேன். எடுத்தது என் தம்பி. "வணக்கம் மேடம், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?" என்றான். இறந்தவரின் குரலைப் பயன்படுத்துவது பற்றிப் புகார் என்றேன். "புரியுது மேடம். அது எங்க தப்புதான். உங்க புகார பதிவு பண்ணிக்கிட்டேன்" என்றான். அந்த இயந்திரம் எதைக் கேட்டாலும் ஒப்புக்கொள்கிறது. சோதித்துப் பார்ப்பதற்காக, "நீ செத்துட்டியாடா?" என்று கேட்டேன். "ஆமாங்க மேடம். சிரமத்துக்கு வருந்துறோம். வேற ஏதாவது உதவி வேணுமா?" என்றது. உடனே போனை வைத்திருக்க வேண்டும். நான் வைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

11. அதன்பின் தங்கள் அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். தங்கள் பிரிவு அலுவலர் மனசாட்சியோடுதான் விசாரித்தார், குறை சொல்ல மாட்டேன். சேனலிடம் சோதனையாளரின் தொடர்பு எண் கேட்டிருக்கிறார். அவர்கள் அந்தக் குறைதீர் எண்ணையே கொடுத்திருக்கிறார்கள். இவரும் போன் செய்து, விளக்கைச் சரியாகச் சோதிக்காதது நீங்கள்தானா என்று கேட்டிருக்கிறார். "ஆமாங்க சார், அது எங்க தப்புதான்" என்று பதில் வந்திருக்கிறது. அதைத் தொலைபேசி வாக்குமூலம் என்று கோப்பில் சேர்த்து, விமர்சகரை விடுவித்து, என் தம்பிக்கு அழைப்பாணை அனுப்பிவிட்டார். நான் கொடுத்த இறப்புச் சான்றிதழ் பற்றிக் கேட்டதற்கு, "ஆளே லைன்ல பேசுறாரும்மா, சான்றிதழ்ல பேரு மாறிருக்கும், பாருங்க" என்றார். முக்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டினேன். அதன்மேல் யாரோ உட்கார்ந்துகொண்டார்கள்.

12. இனி எழுதப்போவது புகார் அல்ல, நடந்தது. நான் வேலைக்குப் போன நேரத்தில் என் அம்மா அந்தக் குறைதீர் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார். தினமும் மதியம் பேசுகிறார். சாப்பிட்டாயா என்று கேட்கிறார், உங்கள் கேள்வியைப் பதிவு செய்துகொண்டேன் மேடம் என்று அது சொல்கிறது. "மேடமாம்ல, கிண்டல பாரு" என்று அம்மா சிரிக்கிறார். எப்போது வீட்டுக்கு வருவாய் என்று கேட்டிருக்கிறார். ரெண்டு வேலை நாளுக்குள் எங்கள் தரப்பிலிருந்து வருவார்கள் என்று பதில் கிடைத்திருக்கிறது. அன்றிலிருந்து வாசல் கதவை அம்மா தாழிடுவதில்லை, நான் தாழிட்டாலும் எழுந்துபோய்த் திறந்துவிடுகிறார். சனிக்கிழமை வேலை நாளா என்று என்னிடம் கேட்கிறார்.

13. இத்தனை நாளும், அது இயந்திரம், தம்பி போய்விட்டான் என்று சொன்னால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார், ஆனால் எதிர்த்துப் பேச மாட்டார். உள்ளுக்குள் அவருக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். தங்கள் அழைப்பாணை வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. அரசு முத்திரையோடு, அவன் முழுப் பெயரோடு, இந்த வீட்டு விலாசத்துக்கு வந்த கடிதம் அது. "கவர்மெண்டே அவன வரச் சொல்லுது. நீ மட்டும் இல்ல இல்லன்னு சொல்லிட்டே இருக்க. கூடப்பொறந்தவன் மேல உனக்கு என்னடி அப்படி ஒரு கோபம்?" என்று கேட்டார். அன்று சாயங்காலம் அவனுடைய நீலச் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, நாற்காலியில் மாட்டிவைத்தார். ஆபீசுக்குப் போகிறவன் கசங்கிய சட்டையோடு போகக்கூடாதாம்.

ஆகவே ஐயா, தாங்கள் கருணை கூர்ந்து:

(அ) அந்த மன்னிப்பு வீடியோவை நீக்கவும், விளக்கு சோதனையில் தேறவில்லை என்று முன்பே தெரிந்தும் வீடியோவை நிறுத்தாததை விமர்சகர் தன் முகத்தைக் காட்டி, தன் வாயால் ஒப்புக்கொள்ளவும் உத்தரவிட வேண்டுகிறேன். இத்தனை நாளும் அடுத்தவன் வாயை வாடகைக்கு எடுத்துப் பேசியவர் ஒரு தடவை சொந்த வாயால் பேசட்டும்.

(ஆ) என் தம்பி இறந்த செய்தியைச் சேனலில் அறிவிக்கவும், அவன் குரலைச் செய்யும் மென்பொருளையும் குறைதீர் எண்ணையும் நிறுத்தவும் ஆவன செய்ய வேண்டுகிறேன். எண்ணை நிறுத்தக் கூடாது என்று என் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். இந்த மனுவில் கையெழுத்திடவும் மறுத்துவிட்டார். அவருடைய ஆட்சேபணையையும் மறைக்காமல் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். இருந்தாலும் நிறுத்தும்படியே கேட்கிறேன். அந்த எண் நின்றால் அவர் என்ன ஆவாரோ என்ற பயத்தோடுதான் கேட்கிறேன்.

(இ) அழைப்பாணையைத் திரும்பப் பெற்று, என் தம்பி உயிரோடு இல்லை என்று என் அம்மாவின் பெயருக்கு முத்திரையிட்ட கடிதம் ஒன்று அனுப்ப வேண்டுகிறேன். நான் சொல்லி அவர் நம்பவில்லை, மருத்துவர் சொல்லியும் நம்பவில்லை. தாங்கள் சொன்னால் நம்புவார். தங்கள் அலுவலகம் சொன்னதைத்தான் இப்போதும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

கடிதம் வியாழக்கிழமைக்குள் வந்து சேராது என்றால் மட்டும், கீழ்க்கண்ட சிறு உதவியைச் செய்ய வேண்டுகிறேன். அன்று காலை என் அம்மா அந்தச் சட்டையை ஒரு பையில் வைத்துக்கொண்டு தங்கள் அலுவலகத்துக்கு வருவார். நான் தடுத்துப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை. முன்வாசல் கவுண்ட்டரில் என் தம்பியின் பெயரைச் சொல்லி, வந்துவிட்டானா என்று கேட்பார். தங்கள் ஊழியர்கள் எல்லாரிடமும் சொல்கிற மாதிரி, "இன்னும் வரலம்மா, அங்க உக்காருங்க" என்று மட்டும் அவரிடம் சொல்லிவிட வேண்டாம். அவர் உட்கார்ந்துவிடுவார்.

தங்கள் நல்லெண்ணத்தை நம்பி,
சோதனையாளரின் அக்கா
(ஒப்பம்)

இடம்: மேற்படி முகவரி
நாள்: திங்கட்கிழமை, நேரில் அளிக்கப்பட்டது

இணைப்பு: இறப்புச் சான்றிதழின் நகல், முக்காலியின் புகைப்படம், அழைப்பாணையின் நகல். அசல் அழைப்பாணையை அம்மா தர மறுக்கிறார்.