பச்சைத் தண்ணீர்

ஞாயிறு, மதியம்

அன்புள்ள மேஸ்திரிக்கு,

உன் வெந்நீர்க்காரன் எழுதுவது. நான் நலம். நலம் என்றால் கை, கால், பசி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. உன்னைக் கேட்டால் "ம்" என்பாய். போனில் அந்த "ம்"மை வேண்டிய மட்டும் கேட்டாகிவிட்டது. நான் "சாப்பிட்டியா" என்பேன், நீ "நீங்க?" என்பாய், அப்புறம் உன் அக்கா வீட்டு மின்விசிறி சுற்றுவதை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருப்போம். அதனால்தான் கடிதம். கடிதத்தில் யாரும் "ம்" கொட்ட முடியாது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போர்வையை நான் எரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே உன் அக்காவோடு நீ கிளம்பியபோது, அந்தப் பிளாஸ்டிக் பையைக் காலால் என் பக்கம் தள்ளி, "இத தூக்கி உங்க பாய்லர் அடுப்புல போட்டுடுங்க, என் கண்ணுல படவே கூடாது" என்றாய். நான் தலையாட்டினேன். அன்றைக்கு நீ என்னையே அடுப்பில் விழச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். மறுநாள் அந்தப் பையோடுதான் வேலைக்குப் போனேன். அட்டைப்பெட்டி ஆலையின் பாய்லருக்கு விறகு தள்ளுகிறவனுக்கு நெருப்புக்கா பஞ்சம்? அடுப்புக் கதவைத் திறந்துவிட்டுப் பையைப் பிரித்தேன். மேலே தெரிந்தது போர்வையில் நீ ஒட்டுப் போட்ட என் பழைய காக்கிச் சட்டைத் துண்டு. பாக்கெட்டைப் பிரிக்காமல் அப்படியே வைத்துத் தைத்திருக்கிறாய். ஏன் என்று நான் கேட்டதற்கு, "உள்ள கைய விட்டு வெளையாடட்டுமே" என்று சொன்னது நீதானே. கதவைச் சாத்திவிட்டேன்.

ஷிப்ட் மாற்ற வந்த பூனைமீசை (நீ வைத்த பெயர்தான், இப்போது எனக்கு அவர் உண்மைப் பெயரே மறந்துபோச்சு) பையைப் பார்த்து, "என்ன, சாப்பாடா?" என்றார். ஆமாம் என்றேன். "ஆறிடப் போகுது, பைப் மேல வைங்க, சூடா இருக்கும்" என்றார். நல்ல மனுஷன். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

எரிக்க முடியவில்லை என்றால் துவைக்கத்தானே வேண்டும்? அந்தப் போர்வையில் உன் மாதக்கணக்கான உழைப்பு இருக்கிறது. ராத்திரி முதுகு வலிக்குது என்பாய், ஆனால் ஊசியைக் கீழே வைக்க மாட்டாய். யானை தைக்கிறேன் என்று ஆரம்பித்து அது பன்றியாகிவிட, நான் சிரிக்க, நீ கோபித்துக்கொண்டு பிரித்துப்போட்டு மறுபடி தைக்க, அதுவும் பன்றியாகத்தான் வந்தது. பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பன்றியே போதும் என்று இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டோம். அன்றைக்கு ரத்தம் நிற்காமல் போனபோது கைக்கு எட்டியது இதுதான். இதில் உன்னைச் சுற்றித்தான் படியிறக்கித் தூக்கிக்கொண்டு ஓடினேன். குற்றம் போர்வையின் மேல் இல்லையே மேஸ்திரி. அதை ஏன் எரிக்க வேண்டும்?

ஆனால் பார், நான் செய்த வேலையை. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் வெந்நீர். தலைவலிக்கு வெந்நீர், தொண்டைக்கு வெந்நீர், அடைத்துக்கொண்ட குழாய்க்கு வெந்நீர். அதற்காகத்தானே எனக்கு இந்தப் பட்டம் கட்டினாய். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி அவசர அவசரமாக, கொதிக்கக் கொதிக்க இரண்டு வாளி காய்ச்சிப் போர்வைமேல் ஊற்றினேன். கறை போகும் என்று பார்த்தால் பழுப்பாகி, அழுத்தமாக உட்கார்ந்துகொண்டது. போதாக்குறைக்குத் தலையணை உறையிலிருந்து வெட்டிய அந்தச் சிவப்புத் துண்டு சாயம் விட்டு, பன்றியின் காது ரோஸ் ஆகிவிட்டது. குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழவில்லை. யாரும் பார்க்கவில்லை. பார்க்கத்தான் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

சொட்டச் சொட்டக் கீழ் வீட்டுத் தையல்காரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனேன். ஒட்டுப் போட உனக்கு வெட்டுத்துணி எல்லாம் கொடுத்தவர் ஆயிற்றே, அவருக்குத்தான் இதன் அருமை தெரியும். ஒன்றும் விசாரிக்கவில்லை. கறையைப் பார்த்தார், ஆவி பறக்கிற துணியைத் தொட்டுப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். "ரத்தத்துக்கு யாராவது சுடுதண்ணி ஊத்துவாங்களா? முட்டைய வேக வெச்ச மாதிரி வேக வெச்சிட்டீங்களே! பச்சத் தண்ணிதான். வெறும் பச்சத் தண்ணி. கொஞ்சம் உப்பு. பிழியாதீங்க, அமுக்குங்க. தண்ணிய மாத்திக்கிட்டே இருங்க. வெயில்ல போடாதீங்க" என்று பொரிந்து தள்ளினார். போகுமா என்று கேட்டேன். "வெந்தது வெந்ததுதான். வேகாதது போகும்" என்றார்.

அதன்படி குளியலறை டிரம்மில் ஊறவைத்திருக்கிறேன். குளிக்க இடமில்லாமல் சமையலறைத் தொட்டியடியில் குளிக்கிறேன். மற்றபடி வீடு நீ விட்டுப்போனபடியே இருக்கிறது. சத்தம்தான் இல்லை. குழாய் சொட்டினால்கூட யாரோ என்னவோ சொல்கிற மாதிரி இருக்கிறது, எழுந்துபோய்ப் பார்க்கிறேன். தனியாக இருப்பது எனக்கு ஒத்துவரவில்லை. இதைப் போனில் சொன்னால் உன் அக்கா காதில் விழும் என்று சொல்லவில்லை.

உன் அக்காவிடம் ஒன்று சொல். உன்னைத் துணி துவைக்க, பாத்திரம் தேய்க்க விடக்கூடாது. பிள்ளை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உன்னுடையது பச்சை உடம்புதான். பச்சைத் தண்ணீரில் கை வைக்காதே. உனக்கு வெந்நீர், போர்வைக்குப் பச்சைத் தண்ணீர். இது புரிய எனக்கு இவ்வளவு ஆகியிருக்கிறது.

இப்படிக்கு,
உன் வெந்நீர்க்காரன்


வெள்ளி, வேலை முடிந்து வந்து

அன்புள்ள மேஸ்திரிக்கு,

நேற்றுப் போனில் நீ கேட்டதை இன்னும் காதிலேயே வைத்திருக்கிறேன். என் கடிதம் வந்ததா என்று கேட்டேன். "ம்" என்றாய். சரி, அவ்வளவுதான் என்று நானும் வைக்கப்போனேன். அப்போது, "தண்ணிய மாத்துனீங்களா?" என்றாய்.

கண்ணில் படவே கூடாது என்றவள் கேட்டாய்! எனக்கு வாய் குழறி, "மாத்தினேன், மாத்தினேன்" என்று இரண்டு தடவை சொன்னேன். வைத்த பிறகு, இன்னும் ஏதாவது கேட்டிருப்பாளோ, நான்தான் அவசரப்பட்டு வைத்துவிட்டேனோ என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரிக்கு வேலை எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? நின்ற இடத்திலிருந்தே ஊரை வேலை வாங்குகிறவள் நீ. அதனால் விவரமாக எழுதுகிறேன்.

வேலைக்குப் போகுமுன் ஒரு தண்ணீர், வந்ததும் ஒரு தண்ணீர் மாற்றுகிறேன். முதலில் தண்ணீர் துருப்பிடித்த குழாயில் வருகிற மாதிரி வந்தது. போகப்போக வெளிறிவிட்டது. பஞ்சுக்குப் பதில் உள்ளே பழைய விரிப்பை வைத்துத் தைத்திருக்கிறாய் இல்லையா, அது தண்ணீரைக் குடித்துக் குடித்து என்னால் தூக்க முடியாத கனம் கனக்கிறது. பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அடியில் கையைக் கொடுத்துத்தான் தூக்க வேண்டியிருக்கிறது. உன் கல்யாணப் புடவையின் பச்சைத் துண்டு சுத்தமாகிவிட்டது. காக்கி முக்கால்வாசி சுத்தம். பன்றிக் காதில் ரோஸ் மட்டும் அப்படியே இருக்கிறது. அது பன்றிக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நடுவில் ஒரு கறை மிச்சம் இருக்கிறது. உள்ளங்கை அகலம். தேநீர் சிந்திக் காய்ந்த நிறம். அதுதான் வெந்துபோனது. ஓரத்தில், நீ கடைசியாகத் தைத்துக்கொண்டிருந்த பக்கத்தில், கடுகு கடுகாய்ச் சில புள்ளிகளும் இருக்கின்றன. இது எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. மறுபடியும் தையல்காரம்மாவிடம் போனேன்.

பார்த்ததுமே சிரித்தார். "இது அன்னைக்கு ரத்தம் இல்ல. ஊசி குத்தினது. கையால தைக்கிறவங்க எல்லார் துணியிலயும் இருக்கும்" என்றார். எப்படி எடுப்பது என்று கேட்டேன். "எச்சில். ஆனா யாரோட ரத்தமோ அவங்க எச்சில்தான் எடுக்கும். நீங்க நாள் பூரா துப்பினாலும் போகாது. யாரு ரத்தம்?" என்றார். அவர் தொழிலில் அப்படி ஒரு கணக்காம். நிஜமோ பொய்யோ, அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. எங்க வீட்டுல அவங்களோடது என்றேன். "அப்ப அவங்க வந்துதான் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிட்டேன். அவருக்கு நான் சொன்ன பதில் ஓரத்துப் புள்ளிகளுக்குச் சரி. நடுவில் இருப்பது உன்னுடையது மட்டுமா?

ஆஸ்பத்திரியில் அடக்கம் முதற்கொண்டு எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நானும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்து நமக்கு என்று வந்தது இந்த ஒரு போர்வை. வேறு ஒன்றும் வரவில்லை. அப்படியானால் இத்தனை நாளும் குனிந்து நின்று உப்புப் போட்டுக் கரைத்து, குளியலறைச் சாக்கடையில் நான் ஊற்றிக்கொண்டிருந்தது எதை? எவ்வளவு நன்றாகத் துவைக்கிறோம் என்று பெருமை வேறு பட்டுக்கொண்டேன். ஓடிவந்து டிரம்மிலிருந்து எடுத்துவிட்டேன்.

இனிமேல் துவைக்க மாட்டேன். நிழலில், இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே விரித்துக் காயவைத்திருக்கிறேன். அந்தக் கறை அப்படியே இருக்கிறது. வெந்நீர் ஊற்றியது மடத்தனம் என்று ஊரே சிரிக்கட்டும். அது வேகாமல் இருந்திருந்தால் இதுவும் போயிருக்கும். முதல் தடவையாக என் வெந்நீர் ஒரு நல்லது செய்திருக்கிறது என்று நினைக்கிறேன். நீ என்ன நினைப்பாயோ தெரியாது. எரி என்று நீ மறுபடி சொன்னால், உன் எதிரிலேயே அடுப்புக் கதவைத் திறக்கிறேன். மடித்து வை என்றால் மடித்து வைக்கிறேன். ஆனால் நீ வந்து பார்க்காமல் நான் எதையும் செய்வதாக இல்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதாமல் உறையை ஒட்டிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன்.

உனக்கு மயக்கம் தெளிவதற்கு முன்னால், நர்ஸம்மா ஒருவர் வெளியே வந்து, "பாக்கிறீங்களா?" என்று கேட்டார். பார்த்தேன். கையிலும் கொடுத்தார். கண் விழித்த பிறகு நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய், ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதவளிடம் எப்படிச் சொல்வது என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். அன்றிலிருந்து பாய்லர் முன்னால் நிற்கும்போதும் சரி, பஸ்ஸில் வரும்போதும் சரி, இந்த உலகத்தில் அந்த முகத்தைத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தனிமையை என்னால் தாங்க முடியவில்லை. நீ இல்லாத வீட்டைக்கூடச் சமாளித்துவிடுவேன். இதைத் தனியாகச் சமாளிக்க எனக்குத் தெம்பு இல்லை. போனிலும் வராது. இங்கே எழுதிப் பார்த்தேன், எழுத்திலும் வரவில்லை.

உடம்பு தேறட்டும், அவசரம் இல்லை. நன்றாகச் சாப்பிடு, தூங்கு, உன் அக்காவோடு சண்டை போடாதே. நீ நல்லபடியாக இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது. தெம்பு வந்த அன்றைக்கு ஒரு வார்த்தை சொல், நானே வந்து அழைத்துக்கொண்டு வருகிறேன். வீட்டுக்கு வா. போர்வையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் என் எதிரில் உட்கார்ந்து, "எப்படி இருந்தா?" என்று கேள்.

இப்படிக்கு,
உன் வெந்நீர்க்காரன்